6ஜி பைப் வெல்டிங் டெஸ்ட்: கூப்பன் தயாரிப்பதிலிருந்து கார்டு கைக்கு வரும் வரை

என் முதல் 6ஜி டெஸ்டில், அதாவது சாய்த்துக் கட்டிய பைப்பில் கொடுக்கும் வெல்டர் தகுதித் தேர்வில், கூப்பனிலிருந்து (டெஸ்டுக்காக வெல்டு செய்த பைப் துண்டு) நான்கு பட்டைகளை வெட்டி வளைத்தார்கள். மூன்று லாடம் மாதிரி அழகாக வளைந்தன. நாலாவது, பைப்பின் வாயைக் கடிகாரமாக நினைத்தால் அடிப்பக்கத்தில் நாலரை மணி இடத்தில் எடுத்த ரூட் பெண்ட் (ரூட் என்னும் முதல் அடி லேயர் வெளியே குவியும்படி வளைப்பது), பாதி வளைவிலேயே வாய் பிளந்தது. பிளந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே ஒரு டேக்கின் (துண்டுகளைப் பிடித்து நிறுத்த முதலில் வைக்கும் சின்ன வெல்டு) ஓரம் கூராக அப்படியே நின்றது. ரூட் அதன்மேல் ஏறிப் போயிருந்தது, உருகிச் சேரவில்லை. அந்த டேக்கின் இரண்டு முனையையும் சரிவாக கிரைண்ட் பண்ணியிருந்தால் போதும், இரண்டு நிமிட வேலை.

அதற்குப் பிறகு பல வருடம் வெல்டராக இருந்தேன். அப்புறம் மற்றவர்கள் போடும் டெஸ்டை நின்று பார்த்து, கூப்பனைச் சோதிக்கும் வேலை. அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஆர்க் பிடிக்கத் தெரியாமல் தோற்பவர்கள் சிலர்தான். கிரைண்டரை எடுக்கச் சோம்பல்பட்டுத் தோற்பவர்கள் நிறையப் பேர். அதனால் இந்த வழிகாட்டியில் டார்ச்சுக்குக் கொடுக்கும் அளவு இடத்தைக் கிரைண்டருக்கும் கொடுத்திருக்கிறேன்.

தட்டில் நிமிர்த்தியும் தலைக்கு மேலும், அதாவது 3ஜியும் 4ஜியும், ஓரளவு கை பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது அதிகம் கேட்கப்படும் டெஸ்ட்: 6 இன்ச் ஷெட்யூல் 80 (சுவர்த் தடிமனின் வகை) கார்பன் ஸ்டீல் பைப், ரூட் டிக்கில் (டங்ஸ்டன் முனையும் ஆர்கானும் கொண்ட முறை), மேலே 7018 என்னும் பூச்சு ராடில், விதி வெல்டர் தகுதிக்கான அமெரிக்க விதியான ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9.

ஒரு சின்னக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். அடியில் விடும் கேப், மேலே மூடும் கேப், இரண்டையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது. இனி அடியில் விடுவது இடைவெளி, மேலே மூடுவது கேப்பிங்.

டெஸ்டுக்கு முன் கேட்க வேண்டியவை

டெஸ்டுக்குக் கூப்பிட்டவுடன் முதலில் கேட்க வேண்டியது டபிள்யூபிஎஸ். எந்தப் பைப், எந்த ராடு, எத்தனை ஆம்பியர், எந்தத் திசையில் ஏற வேண்டும் என்று எழுதப்பட்ட வேலைமுறைத் தாள் அது. நீங்கள் எவ்வளவு நன்றாக வெல்டு செய்தாலும், அந்தத் தாளில் கீழிருந்து மேலே என்று எழுதியிருக்க நீங்கள் மேலிருந்து கீழே இறக்கினால் கூப்பன் செல்லாது. தாளைக் கையில் வாங்கி, புரியாத வரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பவனை யாரும் குறைவாக நினைப்பதில்லை. கேட்காமல் தவறு செய்பவனைத்தான் அனுப்பிவிடுகிறார்கள்.

அதோடு இன்னும் நாலு கேள்வி. சோதனை பெண்ட்டா, எக்ஸ்ரேயா? ரூட்டை வைத்தபிறகு சோதிப்பவர் பார்க்கும் வரை நிறுத்த வேண்டுமா? லேயர்களுக்கு நடுவில் கிரைண்டர் போடலாமா, கம்பி பிரஷ் மட்டும்தானா? கேப்பிங்கைத் தொடலாமா? கடைசிக் கேள்விக்கு அநேகமாகக் கூடாது என்றுதான் பதில் வரும். கேப்பிங் போட்டபின் கிரைண்ட் செய்த கூப்பனைப் பார்த்தவுடன் ஒதுக்கிவிடுவார்கள்.

6ஜி என்றால் பைப்பை 45 டிகிரி சாய்த்து நிலையாகக் கட்டிவிடுவார்கள். 5 டிகிரி முன்பின் இருக்கலாம். டெஸ்ட் முடியும் வரை அதைத் திருப்பக் கூடாது, நீங்கள்தான் சுற்றி வர வேண்டும். 1ஜியில் பைப் உருளும், 2ஜியில் பைப் செங்குத்தாக நிற்கும், 5ஜியில் கிடையாகக் கிடக்கும். 2ஜியும் 5ஜியும் தனித்தனியாகப் பாஸ் செய்தால் கிடைக்கும் தகுதி 6ஜி ஒன்றிலேயே கிடைத்துவிடும். எல்லாரும் 6ஜி கேட்பது அதனால்தான்.

இந்த டெஸ்ட் உங்களுக்கு எதைத் தரும், எதைத் தராது

இந்த இடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாஸ் செய்த பிறகு, "இந்தப் பைப்புக்கு உன் கார்டு செல்லாது" என்று சொல்லும்போதுதான் விழிப்பார்கள்.

விட்டத்தில் தொடங்குவோம். 6 இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 168.3 மி.மீ. வெளிவிட்டம் 73 மி.மீ.க்கு மேலான பைப்பில் டெஸ்ட் கொடுத்தால், 73 மி.மீ.யும் அதற்கு மேலும் எல்லாம் உங்களுக்குத் திறந்துவிடும். அதற்குக் கீழே கிடையாது. 25 முதல் 73 மி.மீ. வரையுள்ள பைப்பில் கொடுத்தால் 25 மி.மீ. முதல் மேலே எல்லாமே கிடைக்கும். 2 இன்ச் பைப் 60.3 மி.மீ.; அதனால்தான் சில இடங்களில் 2 இன்ச்சில் தடித்த சுவர் கொண்ட பைப்பைக் கொடுத்து ஒரே டெஸ்டில் முடித்துக்கொள்கிறார்கள். சின்னப் பைப் கஷ்டம்தான், கை ஒவ்வொரு அங்குலத்துக்கும் கோணம் மாற வேண்டும். ஆனால் அந்தக் கார்டுக்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது தடிமன், இதில்தான் சூட்சுமம். 6 இன்ச் ஷெட்யூல் 80-இன் சுவர் 10.97 மி.மீ. விதிப்படி நீங்கள் போட்ட வெல்டின் தடிமனைப்போல இரண்டு மடங்கு வரை தகுதி. அப்படியானால் 21.94 மி.மீ. என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் இரண்டு முறைகளைக் கலந்து போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனிக்கணக்கு. டிக்கில் 4 மி.மீ., ராடில் மீதி 7 மி.மீ. போட்டீர்கள் என்றால், டிக்குக்கு 8 மி.மீ., ராடுக்கு 14 மி.மீ. அவ்வளவுதான். ஒரு முறையில் குறைந்தது மூன்று லேயராக 13 மி.மீ. அல்லது அதற்கு மேல் போட்டால் அந்த முறைக்கு மேல்வரம்பே இல்லை. முழுத் தகுதி வேண்டும் என்று நினைப்பவர்கள் ஷெட்யூல் 160 மாதிரி தடித்த பைப் கேட்பது இதற்காக. 6 இன்ச்சில் அதன் சுவர் 18.26 மி.மீ.

இன்னொன்று. உங்கள் 7018 டிக் ரூட்டின் மேல் படுத்திருக்கிறது, அதாவது அடியில் தாங்கல் இருக்கிறது. அதனால் ராடு முறையில் உங்கள் தகுதி தாங்கலோடுதான். நாளைக்கு 7018-லேயே திறந்த ரூட் போடச் சொன்னால் இந்தக் கார்டு போதாது.

ஐஎஸ்ஓ 9606-1 முறையில் டெஸ்ட் நடத்தும் இடங்களில் இதே நிலைக்கு எச்-எல்045 என்று பெயர் எழுதுவார்கள். வரம்புகளின் கணக்கு வேறு, கை வேலை ஒன்றேதான். எண்ணெய், எரிவாயு நெடுந்தூரக் குழாய்ப் பாதைகளுக்கு ஏபிஐ 1104 என்று தனி விதி இருக்கிறது. அங்கே மேலிருந்து கீழே இறக்கும் வேலை அதிகம். அதை இங்கே கலக்க வேண்டாம்.

பயிற்சி

பயிற்சியை டெஸ்டில் வரும் அதே விட்டத்தில், அதே தடிமனில், அதே உயரத்தில் கட்டிச் செய்யுங்கள். இடுப்பு உயரத்தில் வசதியாக நின்று பழகிவிட்டு, டெஸ்டில் முழங்கால் உயரத்தில் பைப்பைக் கண்டால் கை நடுங்கும். பழகும் நாட்களில் வேண்டுமென்றே ஒரு பக்கத்தை இடைஞ்சலாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இடது கையாலும் ரூட் போட்டுப் பாருங்கள். 6ஜியில் ஒரு பக்கம் வலது கைக்கு வாகாக இருக்கும், மறுபக்கம் உடம்பை முறுக்க வேண்டியிருக்கும்.

பயிற்சியில் முழுக் கூப்பன் முடிப்பதை விட ரூட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவது பிரயோசனம். ரூட் போடுங்கள், உள்ளே டார்ச் லைட் அடித்துப் பாருங்கள், வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பெவல் (விளிம்பில் சீவும் சரிவு) போட்டு மறுபடி ரூட். பத்து ரூட் சரியாக வந்தபிறகு ஒரு கூப்பனை முழுதாக முடியுங்கள். முடித்ததைப் பட்டையாக வெட்டி வைஸில் பிடித்தாவது வளைத்துப் பாருங்கள். வளைக்காத கூப்பன் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

பெவலும் ஃபிட்டப்பும்

பைப் துண்டு கைக்கு வந்ததும் பெவலின் கோணத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் 37.5 டிகிரி என்பது வழக்கம், சில தாள்களில் 30 இருக்கும். கேஸ் கட்டிங்கில் வெட்டிய பெவல் என்றால் கறுப்புப் படலம் போய் வெள்ளி மாதிரி மின்னும் வரை கிரைண்ட் செய்யுங்கள். பெவலோடு நிறுத்தாமல் வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரு இன்ச் அகலத்துக்குச் சுத்தம் செய்ய வேண்டும். உள்பக்கத்தை மறப்பவர்கள் பலர். உள்ளே இருக்கும் துருவும் எண்ணெயும்தான் ரூட்டில் துளையாக வெளிவரும். உள்ளே கிரைண்டர் போகாவிட்டால் அரைவட்ட அரம் போதும்.

அப்புறம் ரூட் ஃபேஸ், பெவலின் முனையில் விடும் மொட்டைத் தடிமன். டிக் ரூட்டுக்கு சைபரிலிருந்து 1.6 மி.மீ. வரை விடுவார்கள். எனக்கு 1 மி.மீ. பிடிக்கும். முனை கத்தி போலக் கூராக இருந்தால் சட்டென்று உருகி ஓட்டை பெரிதாகும், அதிகமாக மொட்டையாக இருந்தால் உள்ளே ஊடுருவாது. எவ்வளவு விட்டாலும் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கிரைண்டரில் போட்டபின் அரத்தால் ஒரு சுற்று தேய்த்து, விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

அடுத்து ஃபிட்டப், துண்டுகளைச் சேர்த்துப் பொருத்துவது. இரண்டு துண்டையும் எல் வடிவ ஆங்கிள் இரும்பில் படுக்க வைத்து நேராக்குங்கள். உள்சுவர் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பைப் எப்போதும் சரியான வட்டமாக இருக்காது. ஒரு துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றினால் மேடு பள்ளம் குறையும் இடம் ஒன்று கிடைக்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள்.

இடைவெளிக்கு 3.2 மி.மீ. கம்பி ஒன்றை வளைத்து நடுவில் வைத்தால் போதும். வெல்டு ஆறும்போது சுருங்கும், கடைசியாக மூடும் பக்கத்தில் இடைவெளி இறுகிவிடும். ரூட் அடியிலிருந்து தொடங்கி மேலே முடிவதால், மேலே 3.2, அடியில் 2.8 என்று கொஞ்சம் வித்தியாசம் விட்டால் முடிக்கும்போது கஷ்டமில்லை. டேக் ஒவ்வொன்றும் வைத்தபிறகு இடைவெளியை மறுபடி அளந்து, இறுகிய பக்கத்தைத் தட்டித் திறந்துகொண்டுதான் அடுத்த டேக்.

நான்கு டேக்: 12 மணி, 3 மணி, 6 மணி, 9 மணி. பெண்ட் பட்டைகள் பெரும்பாலும் இவற்றுக்கு நடுவில், ஒன்றரை, நாலரை, ஏழரை, பத்தரை மணி இடங்களில் வெட்டப்படும். அந்த இடங்களில் டேக்கும் வராமல், ரூட்டை நிறுத்தித் தொடங்குவதும் வராமல் பார்த்துக்கொண்டால் பாதி ஆபத்து ஒழிந்தது. என் முதல் டெஸ்டில் இதை யாரும் சொல்லவில்லை. எக்ஸ்ரே என்றால் சுற்றளவு முழுக்கப் பார்ப்பார்கள், அங்கே தப்பிக்க மறைவிடம் கிடையாது.

இப்போது டேக் கிரைண்டிங். டேக் பைப்போடு சேரும் இரண்டு முனையையும் படகின் மூக்கு மாதிரி மெல்லச் சரிவாக்க வேண்டும். சரிவின் கடைசி, ரூட் ஃபேஸின் தடிமனுக்கு இறங்கி வர வேண்டும். மெல்லிய வீல் போட்டு, பெவலின் சுவரில் காயம் விழாமல் செய்யுங்கள். டேக்கில் ஊசித்துளையோ விரிசலோ தெரிந்தால் அதை முழுக்க எடுத்துவிட்டு வேறு டேக் வையுங்கள். மூடிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அது மேலேறி வரும்.

கட்டியபின் கூப்பனில் மேல்பக்கக் குறி போடுவார்கள். அந்தக் குறிதான் 12 மணி.

ரூட்

ஆர்க் அடிப்பதற்கு முன் டார்ச்சை அணைத்த நிலையில் பிடித்து 6 மணியிலிருந்து 12 மணி வரை ஒருமுறை போய் வாருங்கள். முழங்கை எங்கே இடிக்கிறது, கேபிள் எங்கே இழுக்கிறது, எந்த இடத்தில் நிறுத்தி உட்காரும் நிலையை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டால் மணிக்கட்டுக்குப் பாரம் குறையும்.

டார்ச்சின் முனையில் இருக்கும் டங்ஸ்டன் 2.4 மி.மீ. தீட்டும்போது கோடுகள் நீளவாக்கில் ஓட வேண்டும். வட்டமாகத் தீட்டினால் ஆர்க் அலையும். ஆர்கான் நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். அதிகம் திறந்தால் நல்லது என்று சிலர் திறந்து விடுவார்கள். சுழல் ஏற்பட்டு வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கும். பக்கத்தில் மின்விசிறி ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள். டிக்குக்கு டார்ச் நெகட்டிவ், 7018-க்கு ஹோல்டர் பாசிட்டிவ். மாற்றும்போது மறந்துவிடுவது நடக்கக்கூடியதுதான், அதனால் மெஷின் மேலேயே சாக்பீஸால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பி இஆர்70எஸ்-2 அல்லது இஆர்70எஸ்-6, 2.4 மி.மீ. ரூட்டுக்கு 85 முதல் 100 ஆம்பியருக்குள் எனக்கு அமையும். உங்கள் கைக்கு எது என்பதைப் பயிற்சியில் கண்டுபிடித்து வைத்திருங்கள், தாளின் வரம்புக்குள்.

6 மணி டேக்கின் சரிவில் ஆர்க்கைத் தொடங்குங்கள். சரிவு உருகி, முன்னால் சாவித்துவாரம் போல ஒரு சின்ன வாய் திறக்கும். அந்த வாய் திறந்தால்தான் இரண்டு முனையும் உள்ளே வரை உருகியிருக்கிறது என்று அர்த்தம். வாய் திறக்கவில்லை என்றால் நிதானியுங்கள், பெரிதாகிக்கொண்டே போனால் கம்பியைக் கொடுத்து நகருங்கள்.

அடிப்பக்கம், ஐந்திலிருந்து ஏழு மணி வரை, எல்லாரும் பயப்படும் இடம். உருகிய இரும்பு கீழே தொங்கும், பைப்பின் உள்ளே பள்ளம் விழும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும், ஏமாந்துவிடக் கூடாது. மருந்து ஒன்றுதான்: கம்பியின் நுனியை இடைவெளிக்கு உள்ளே, உள்சுவர் மட்டம் வரை தள்ளிக் கொடுங்கள், ஆர்க்கின் நீளத்தைக் குறைத்து வையுங்கள், உருகிய இரும்பின் குட்டை கொதித்துத் தளரும் அளவுக்குச் சூடேற்றாதீர்கள். மூன்று, ஒன்பது மணிப் பக்கங்கள் சுலபம். இரண்டு மணியைத் தாண்டியதும் பூமியின் இழுப்பு மாறிவிடும். இங்கே இரும்பு உள்பக்கமாக இறங்கி, தொங்கலாக நிற்கும். கம்பியை வெளியே இழுத்து மேலாகக் கொடுங்கள், கொஞ்சம் வேகமாக நகருங்கள்.

6ஜிக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. பைப் சாய்ந்திருப்பதால் ஒரு விளிம்பு மேலே, இன்னொன்று கீழே. மேல் விளிம்பு உருகி கீழ் விளிம்பின் மேல் வழியப் பார்க்கும். ஆகவே ஆர்க்கை மேல் விளிம்பில் ஒரு கணம் கூடுதலாக நிறுத்துங்கள், கீழ் விளிம்பைத் தொட்டுவிட்டு வாருங்கள். குட்டை பைப்பின் சாய்வைப் பின்பற்றாமல் தண்ணீர் மட்டம் போலப் படுத்திருக்க வேண்டும். இது ரூட்டிலிருந்து கேப்பிங் வரை மாறாது.

நிறுத்தும்போது ஆர்க்கைச் சட்டென்று பிடுங்காதீர்கள், நடுவில் ஊசித்துளையோடு குழி விழும். பக்கச் சுவருக்கு இழுத்து அணைத்து, கேஸ் நிற்கும் வரை டார்ச்சை அங்கேயே பிடித்திருங்கள். பிறகு கிரைண்டர். நிறுத்திய ஒவ்வொரு முனையையும் டேக்கைப் போலவே சரிவாக்கிவிட்டுத்தான் அடுத்த தொடக்கம். டங்ஸ்டன் குட்டையில் பட்டுவிட்டால் அந்த இடத்தைக் கிரைண்ட் செய்து எடுத்து, டங்ஸ்டனை மறுபடி தீட்டுங்கள். பெருமைக்காகத் தொடர்ந்து போகாதீர்கள்.

கார்பன் ஸ்டீலுக்கு உள்ளே ஆர்கான் நிரப்பத் தேவையில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டெஸ்ட் என்றால் கட்டாயம், இல்லாவிட்டால் ரூட்டின் உள்பக்கம் காலிஃபிளவர் மாதிரி கருகிப் பூத்துவிடும்.

ஹாட் பாஸும் ஃபில்லிங்கும்

ரூட் முடிந்ததும் டிக்கிலேயே இரண்டாவது லேயர் ஒன்று, அதாவது ஹாட் பாஸ், போடுவது நல்லது, தாள் அனுமதித்தால். மெல்லிய ரூட்டின்மேல் நேராக 7018-ஐ வைத்தால் ஓட்டை விழும் வாய்ப்பு இருக்கிறது.

7018 ஈரத்துக்கு எதிரி. பெட்டி திறந்து கிடந்த ராடை வாங்காதீர்கள். உற்பத்தியாளர் சொன்னபடி, பொதுவாக 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, சூடான குவிவரில் (ராடைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி) வைத்து ஒவ்வொன்றாக எடுப்பதுதான் முறை. கையில் ராடு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

பள்ளத்தை நிரப்பும் ஃபில்லிங்கில் முதல் லேயருக்கு 2.5 மி.மீ. ராடு, 75 முதல் 90 ஆம்பியர், அடுத்து 3.15 ராடு, 100 முதல் 120. 7018-இல் தொடக்க இடத்தில் ஊசித்துளை வருவது அதன் பிறவிக் குணம். தொடங்க வேண்டிய இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் பள்ளத்துக்குள்ளேயே ஆர்க் அடித்து, பின்னால் இழுத்து வந்து, அடித்த இடத்தின் மேலேயே மறுபடி ஓட்டிப் போனால் அது உருகி மறைந்துவிடும். பைப்பின் வெளித்தோலில் ஆர்க் அடிக்காதீர்கள். அந்தச் சின்னப் புள்ளிக்காகவே கூப்பனைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு.

ஒவ்வொரு லேயரின் தொடக்கத்தையும் முந்தையதிலிருந்து விலக்கி வையுங்கள். ராடின் பூச்சு உருகி மேலே உறையும் ஸ்லாக்கைச் சுத்தியலால் தட்டி, பிரஷ் போட்டபின், பீடின் (ஒரே ஓட்டத்தில் விழும் வெல்டுக் கோடு) இரு ஓரத்திலும் பாருங்கள். பீட் நடுவில் உருண்டு, ஓரங்களில் ஆழமான பள்ளக் கோடு இருந்தால் அதற்குள் ஸ்லாக் உட்கார்ந்திருக்கும். அடுத்த ராடு அதை உருக்கி எடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். மெல்லிய வீலால் அந்தக் கோட்டைத் திறந்து, தட்டையாக்கிவிட்டு மேலே போங்கள். எக்ஸ்ரேயில் தண்டவாளம் போல இரண்டு கறுப்புக் கோடு வருவது இந்த இடத்திலிருந்துதான்.

ஃபில்லிங்கை வெளித்தோலுக்கு 1 அல்லது 1.5 மி.மீ. கீழே நிறுத்துங்கள். பெவலின் விளிம்பு இரண்டு பக்கமும் கூராகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கேப்பிங் போடும்போது கண்ணாடிக்குள் உங்களுக்கு வழிகாட்டுவது அந்த விளிம்பு மட்டும்தான்.

கேப்பிங்

அகலமாக ஆட்டி ஒரே பீடில் மூடுவது பார்க்க அழகு. ஆனால் 6ஜியில் கீழ் விளிம்பில் தொங்கலும் மேல் விளிம்பில் அண்டர்கட்டும் (வெல்டின் ஓரத்தில் பைப் உருகி விழும் பள்ளம்) வந்துவிடும். டெஸ்டில் நேர்க்கோட்டுப் பீடுகளைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கீழ் விளிம்பிலிருந்து தொடங்குங்கள், அடுத்த பீட் முந்தையதில் பாதி ஏறி நிற்கட்டும், கடைசிப் பீட் மேல் விளிம்பை ஒன்றரை மி.மீ. மூடட்டும். கடைசிப் பீடுக்கு ஐந்து ஆம்பியர் குறைத்து, ஆர்க்கை மேல் ஓரத்தில் இறுக்கிப் பிடித்தால் அண்டர்கட் நிரம்பிவிடும்.

உயரம் எவ்வளவு இருக்கலாம் என்பது எந்தக் கட்டுமான விதியில் வேலை என்பதைப் பொறுத்தது. ஆலைக் குழாய்களுக்கான பி31.3-இன் சாதாரணச் சேவைக்கு, 6 முதல் 13 மி.மீ. சுவருக்கு 3 மி.மீ. வரை இருக்கலாம். 1.5 முதல் 2 மி.மீ.யில் நின்றுவிட்டால் யாரும் அளவுகோலை எடுக்கவே மாட்டார்கள்.

சோர்வு வருவதும் அவசரம் வருவதும் இங்கேதான். நாலு மணி நேரம் கவனமாக இருந்துவிட்டு, கடைசிப் பீடில் ஓடி முடிக்கப் பார்ப்போம். ராடு மாற்றும் சாக்கில் ஒரு நிமிடம் நின்று தண்ணீர் குடியுங்கள். கூப்பனைத் தண்ணீரில் முக்கி ஆற்றாதீர்கள், அதுவாக ஆறட்டும்.

பெண்ட்டில், ஃபிலிமில் என்ன பார்க்கிறார்கள்

முதலில் கண்ணால் பார்ப்பார்கள்: சுற்றிலும் முழு ஊடுருவல், முழுச் சேர்க்கை. இதில் தோற்றால் மேற்கொண்டு எதுவும் இல்லை.

பெண்ட் என்றால் 6ஜிக்கு, வெளிப்பக்கம் குவியும்படி வளைக்கும் ஃபேஸ் இரண்டு, உள்பக்கம் குவியும்படி வளைக்கும் ரூட் இரண்டு. அல்லது வெட்டுமுகம் குவியும்படி வளைக்கும் சைடு பெண்ட் நான்கு. வளைத்தபின் குவிந்த பக்கத்தில் எந்தத் திசையிலும் 3 மி.மீ.க்கு மேல் திறப்பு இருக்கக் கூடாது. பட்டையின் மூலையில் வரும் விரிசலை, அது ஸ்லாக்காலோ சேராமையாலோ வந்தது என்று தெளிவாகத் தெரிந்தால் ஒழிய, கணக்கில் எடுப்பதில்லை. அதனால் பட்டையின் மூலைகளை அரத்தால் மழுக்கி, தேய்த்த கோடுகள் நீளவாக்கில் போகும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறுக்கே விழுந்த கிரைண்டர் கோடு ஒன்றிலிருந்தே நல்ல வெல்டும் பிளக்கும்.

எக்ஸ்ரேயில் விரிசல், சேராமை, ஊடுருவாமை மூன்றும் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தோல்விதான். ஸ்லாக்குக்கும் துளைக்கும் அளவு உண்டு. நம்முடைய 10.97 மி.மீ. சுவருக்கு நீளமான ஸ்லாக் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3.6 மி.மீ. வரை, உருண்டைத் துளை தடிமனில் 20 சதவீதம், சுமார் 2.2 மி.மீ. வரை.

ஃபிலிமைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள். நடுவில் ரூலர் வைத்து இழுத்தாற்போல் கறுப்புக் கோடு என்றால் ரூட் ஊடுருவவில்லை. அதே நேர்க்கோடு நடுவை விட்டு ஓரமாக இருந்தால் பக்கச் சுவரில் சேரவில்லை. நடுவில் ஓரம் மங்கிய அகலக் கறுப்புப் பட்டை, ரூட் உள்ளே பள்ளமாகியிருக்கிறது. வட்டக் கறுப்புப் புள்ளி துளை. பளிச்சென்ற வெள்ளைப் புள்ளி இருந்தால் டங்ஸ்டன் உடைந்து உள்ளே போயிருக்கிறது. அது இரும்பை விட அடர்த்தி என்பதால் கதிரைத் தடுத்து வெளுப்பாக விழும்.

தோற்றால்

உடனே மறுடெஸ்ட் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. ஆனால் தோற்ற நிலைக்கு அடுத்தடுத்து இரண்டு கூப்பன் போட்டு இரண்டுமே பாஸ் ஆக வேண்டும். தோற்ற அன்று கை சூட்டோடு அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மறுபடி தோற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். மேலும் பயிற்சி எடுத்தபின் புதிதாக டெஸ்ட் கொடுத்தால் ஒரு கூப்பனே போதும். பிளந்த பட்டையை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கேளுங்கள். எது பிளந்தது, எந்த மணி இடம், அங்கே டேக் இருந்ததா, ராடு மாற்றிய இடமா என்று பார்த்தால் பயிற்சியில் எதைத் திருத்த வேண்டும் என்பது புரிந்துவிடும்.

பாஸ் ஆன பிறகு

தகுதிப் பதிவின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் விட்டம், தடிமன், தாங்கல், ராடு வகை ஒவ்வொன்றுக்கும் நீங்கள் போட்டது என்ன, அதனால் கிடைத்த வரம்பு என்ன என்று இரண்டு பகுதியாக எழுதியிருக்கும். அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். டிக்கின் தடிமனை எழுத மறந்த பதிவுகளை நானே பார்த்திருக்கிறேன், அப்போதே திருத்தச் சொன்னால் சுலபம்.

அந்தத் தகுதி டெஸ்ட் நடத்திய நிறுவனத்துக்கு உட்பட்டது. வேறு இடத்துக்குப் போனால் பெரும்பாலும் மறுபடி கூப்பன் போடத்தான் வேண்டும், பழைய பதிவு உங்கள் அனுபவத்துக்குச் சாட்சியாக இருக்கும். செக்‌ஷன் 9-இல் கார்டுக்கு முடிவுத் தேதி கிடையாது. ஆனால் ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டு செய்யாமல் இருந்தால் அந்த முறையில் தகுதி காலாவதியாகிவிடும். ஆறு மாதமும் டிக் மட்டுமே செய்துகொண்டிருந்தால் டிக் உயிரோடு இருக்கும், ராடு போய்விடும். ஐந்தாவது மாதம் முடிவதற்குள், வேலை இருக்கிறதோ இல்லையோ, மேற்பார்வையாளர் முன்னால் 7018-இல் ஒரு ஜாயிண்ட் போட்டு, தேதியையும் ஜாயிண்ட் எண்ணையும் தொடர்ச்சிப் பதிவேட்டில் அன்றைக்கே எழுத வையுங்கள்.